தம்பிக்கு ஒரு குட்டை வண்டி

அப்பாவின் மொபெட்டை நானும் என் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நிலம், தோட்டம், கிணற்றுத் தண்ணீர் முறை எல்லாவற்றையும் ஒரே காலைப்பொழுதில் முகம் சுளிக்காமல் பிரித்துக்கொண்ட இரண்டு பேர், மூட்டை ஏற்றி ஏற்றி முதுகு வளைந்துபோன ஒரு பழைய வண்டிக்காக நடுத்தெருவில் சட்டையைப் பிடித்துக்கொண்டோம்.

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுவாரம் அது. தாய்மாமன் வந்து உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். ஊருக்குள் இருக்கும் வீடு எனக்கு. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் தோட்டமும் தோட்டத்து வீடும் தம்பிக்கு. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது தம்பி மொபெட்டின் ஹேண்டில்பாரில் கை வைத்தான். நான் விடவில்லை. அரிமளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். அந்த வண்டியின் இன்ஜினை அப்பாவுக்காக எத்தனை முறை பிரித்துப் பூட்டியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது. தம்பியோ, கடைசி இரண்டு வருடம் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.

“ஆளுக்குப் பாதியா அறுத்துக்கங்கடா, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் மாமா.

வெறுத்துப்போய்ச் சொன்ன வார்த்தை. எனக்கு அது தீர்ப்பாகக் கேட்டது. ஸ்பேனர் பையை எடுத்து வந்து, தெருவில் பத்துப் பேர் பார்க்க, அரை மணி நேரத்தில் இன்ஜினை இறக்கி எடுத்துக்கொண்டேன். மிச்சத்தைத் தம்பி தள்ளிக்கொண்டு போனான். போனவன் அன்றைக்குச் சாயங்காலமே அதைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அப்பா உட்கார்ந்த சீட்டு, அப்பா பிடித்த ஹேண்டில்பார்! அதிலிருந்து இன்ஜினைக் கழற்றிக் கட்டையாக்கிய பாவி நான்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

கண்மாய்க் கரையில் எங்கள் கருப்பர் கோயில் இருக்கிறது. அங்கே சூடம் கொளுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்யும் சத்தியத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மீறமாட்டார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாய் திறக்கப் பயப்படுவான். நான் நேரே அங்கே போனேன். விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி பின்னாலேயே ஓடி வந்தான்.

“வேணாண்ணே. சாமி முன்னாடி வேணாம்” என்றான்.

“இவன் வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன் இல்ல” என்று சொல்லிச் சூடத்தை அடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அது ஆற ஒரு வாரம் ஆயிற்று. சொன்ன வார்த்தை பதினோரு வருடம் ஆறவில்லை.

என் கோபத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்வதைவிட அது மரியாதை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகாது. வீட்டில் தம்பி பேச்சை யார் எடுத்தாலும் நான் எழுந்துவிடுவேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவேன். நாலைந்து முறை அப்படிச் செய்த பிறகு என் மனைவி அந்தப் பேச்சை விட்டாள். கடைக்கு மோட்டார் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் விட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என் காதுக்கு மட்டும் வராது என்கிற நிலைமையை நானே கஷ்டப்பட்டு உண்டாக்கி வைத்திருந்தேன். என் மகள் கல்யாணத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் அன்று காலையிலிருந்து பந்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தானாம். அது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான், அதுவும் யாரோ வாய் தவறிச் சொல்லித் தெரிந்தது.

போன வருடத்துக்கு முந்திய ஆடியில் தம்பிக்குச் சர்க்கரையினால் வலது காலில் புண் வந்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இதை மட்டும் என் மனைவி சொன்னாள். நான் எழுந்திருப்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். மறுநாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். என் சத்தியம் அவன் வீட்டு வாசற்படிக்குத்தான், ஆஸ்பத்திரி வாசலுக்கு இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒரு டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். போய் நின்றால் என்ன பேசுவது என்று பயமாக இருந்தது. பயத்துக்கு வைராக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கைவந்த கலை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடியது. ஆனால் சதை ஆடினாலும் கால் நகரவில்லை.

மாசி மாதம் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், கடையில் சும்மா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டுக்காரரோ தெரியவில்லை, ஒரு பெரியவர் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு மினி பைக் செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் சாயலில், சொட்டு மாதிரி டேங்க், உருண்டை லைட், கம்பிச் சக்கரம். எல்லாம் சின்னது. செய்து முடித்து அதில் அவர் உட்கார்ந்தபோது, காலைத் தூக்கிப் போடவே இல்லை. முக்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். எனக்கு உடனே தம்பி ஞாபகம்தான் வந்தது. அவ்வளவு குட்டை வண்டியில் ஒற்றைக்கால்காரன் யார் உதவியும் இல்லாமல் ஏறலாம். ஏறினால் கண்மாய்க் கரை மண் ரோட்டில் இரண்டரை கிலோமீட்டர். எங்கள் தெருவுக்கு வந்துவிடலாம்.

நான் அவன் வீட்டுக்குப் போக முடியாது. அவன் வரலாம். அவனுக்கு ஒரு சத்தியமும் கிடையாது.

இதைவிட ஒரு ஆட்டோவைப் பிடித்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆட்டோ அனுப்பினால் நான் அழைத்ததாகிவிடும். அதோடு, கால் போன பிறகு அவன் யாரையும் தன்னைத் தூக்க விடுவதில்லை என்று தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். அவனாக வர வேண்டும், தலை நிமிர்ந்து வர வேண்டும். கால் இருந்த பத்து வருடம் வராதவன் வண்டி இருந்தால் வருவானா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இன்ஜின் என்னிடம்தான் இருந்தது. கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற என் தகரக் கொட்டகையில் பெஞ்சுக்கு அடியில் பதினோரு வருடம் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். பிஸ்டன் ரிங் இறுகியிருந்தது, மற்றபடி சேதமில்லை. மொபெட் இன்ஜினுக்குக் கியரும் இல்லை, கிளட்ச் பிடிக்கவும் வேண்டாம், முறுக்கினால் போகும். ஒற்றைக்காலுக்கு அதைவிட நல்ல இன்ஜின் கிடையாது. பெடல் மிதித்து ஸ்டார்ட் செய்வதுதான் சிக்கல். மருந்தடிக்கும் மெஷினில் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வார்களே, அந்தக் கயிற்றுச் சுருளை வாங்கி, நடுவில் வைக்க ஒரு பிளேட் கடைந்து, இதில் பொருத்தினேன். இரண்டு பிரேக்கும் கையிலேயே பிடிக்கிற மாதிரி வைத்தேன்.

சேஸிஸுக்கு இரும்புப் பைப்பை வளைக்க வேண்டும். சும்மா வளைத்தால் மடங்கிவிடும். பைப்புக்குள் மணலை இடித்து இடித்து நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டையை அடித்து மூடி, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் குழாய் வட்டம் கெடாமல் வரும். மணல் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் வறுக்காமல் அள்ளிப் போட்டுவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, அடைத்த கட்டை வெடி மாதிரி கிளம்பி என் காதோரமாகப் போய்த் தகரக் கூரையில் ஓட்டை போட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணுல படலையே? கண்ணுல படலையே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படவில்லை என்று சொன்ன பிறகும் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்றும் ஆகாததற்கு இவ்வளவு அழுகை எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதட்டி அனுப்பினேன்.

வண்டி யாருக்கு என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கால் வைக்கிற இடத்தில் பிரேக் இல்லை, கிக்கர் இல்லை, வலது பக்கம் வெட்டியது போக மிச்சமிருக்கிற காலைச் சாய்த்து வைக்க ஒரு தொட்டில் மாதிரி வளையம். பார்த்தவுடன் தெரிந்திருக்கும். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்காதவள், ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கேட்க ஆரம்பித்தாள்.

“இது பேரு என்னங்க?”

“கார்ப்பரேட்டர்.”

“அது என்னத்துக்கு?”

“பெட்ரோலையும் காத்தையும் கலக்க. ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?”

“சும்மா தெரிஞ்சுக்கக் கூடாதா?”

சனிக்கிழமை சனிக்கிழமை இப்படி வந்து உட்கார்ந்து கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கண்மாய்க் கரையோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். காய்கறிப் பை காலியாகத்தான் திரும்பும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் போவது எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் திரும்பி வந்தவளிடம் ஒரு நாளும் ‘எப்படி இருக்கான்’ என்று கேட்டதில்லை. அந்த இரண்டு சொல்லைக் கேட்டிருந்தால் போதும். மனிதனுக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஓடுகிற மாதிரி ஒரு வண்டி செய்ய நான்கு மாதம் போதும். நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். காரணம், என் திமிர். அவன் இரும்புக்குப் போட்டானே, அதைவிட நூறு மடங்கு அழகாக ஒன்றைச் செய்து அவன் முன்னால் நிறுத்த வேண்டும். பார்த்ததும் அவன் வாயடைத்துப்போக வேண்டும். டேங்குக்குத் தகட்டை வெட்டி, புளியங்கட்டையில் குழி வெட்டி, அதில் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டியே உருவம் கொண்டுவந்தேன். இரண்டு பாதியையும் ஒட்டிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் மூன்று இடத்தில் குமிழி விட்டது. பிரித்து மறுபடி ஒட்டினேன். சின்ன ரிம்முக்குச் சரியான நீளத்தில் கம்பி கிடைக்கவில்லை. கடையில் வாங்கிய மொபெட் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, நுனியில் திருகு மறை போட்டு, சக்கரம் கோணாமல் கட்டுவதற்கு ஆடி மாதம் முழுதும் போனது. வண்டிக்குக் கரும்பச்சைப் பெயிண்ட். டேங்கின் இரண்டு பக்கமும் பழைய வண்டிகளில் இருக்கிற மாதிரி தங்க நிறத்தில் மெல்லிய கோடு. கை நடுங்காமல் அந்தக் கோட்டை இழுக்க எனக்குப் பதினேழு முறை ஆயிற்று. பிடிக்காமல் அழித்து அழித்துப் போட்டேன்.

“அம்புட்டு அழகு எதுக்குங்க? ஓடுனாப் பத்தாதா? சீக்கிரம் குடுத்துருவோம்” என்றாள் மனைவி.

“குடுக்குறதா? யாருக்கு?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆயுத பூஜையன்று வண்டி முடிந்தது. கொட்டகையைக் கழுவி, டூல்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, வண்டியை நடுவில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். தெருவே வந்து பார்த்தது. மிலிட்டரிக்காரர் ஒருவர் இதை எனக்குக் கொடுத்துவிடு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் போன பிறகு மனைவியைக் கூப்பிட்டேன்.

“நீ கொழுந்தன் வீட்டுக்குப் போ” என்றேன். பதினோரு வருடத்தில் நானாக எடுத்த முதல் பேச்சு அது. “வண்டி ரெடியா இருக்கு, நம்பர் பிளேட் கெடையாது, மெயின் ரோட்டுக்குப் போக வேணாம், கரை மேல மட்டும் ஓட்டச் சொல்லு. நான் கரை முனையில கொண்டாந்து நிறுத்துறேன். வந்து பாக்கச் சொல்லு.”

அவள் பொரி அள்ளிய கையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவருக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“யாருக்கு?”

“ஒங்க தம்பிக்கு. சர்க்கரை கண்ணுக்கு ஏறிருச்சு. பங்குனியில ஒண்ணு, சித்திரையில ஒண்ணு. இப்ப வெளிச்சங்கூடத் தெரியாது.”

நான் எழுந்திருக்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம், கால் எழுந்திருக்கத்தான் பார்த்தது. முடியவில்லை. சித்திரையில் நான் பைப் வளைத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் கம்பி கட்டினேன். கோட்டை அழித்து அழித்துப் போட்டேனே, அப்போதெல்லாம் அவன் இருட்டில் கிடந்திருக்கிறான்.

“ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொல்ல விட்டீங்களா நீங்க?” என்றாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “அதோட அவரு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒங்க குடும்பத்துக்குச் சத்தியத்தத் தவிர வேற என்ன தெரியும்? ‘அண்ணே செய்யட்டும் மதினி, செஞ்சு முடிக்கிற வரைக்கும் என்னைய நெனச்சுக்கிட்டுத்தான இருக்கும்’னாரு. நான் என்ன செய்ய?”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. யார் எதற்குச் சொன்னாலும் இப்போது எனக்கு அதைக் கேட்க முடிவதில்லை.

வண்டியை எடுக்காமல் நடந்தேன். வழியில் கருப்பர் கோயிலில் பூசாரி அரிவாளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன், சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தைத் திருப்பி எடுக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று. கிடா வெட்டச் சொல்வார், காப்புக் கட்டச் சொல்வார், எது சொன்னாலும் செய்வதாக இருந்தேன்.

“ஒரு சூடத்தக் கொளுத்தித் தப்புன்னு சொல்லி விழுந்து எந்திரிங்க. அண்ணன் தம்பி சண்டையெல்லாம் சாமி மனசுல வச்சிக்கிறாதுங்க” என்றார் அவர், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே. பிறகு என்னை நன்றாகப் பார்த்து, “இதக் கேக்கவா இம்புட்டு வருசம்?” என்றார்.

விழுந்து எழுந்தேன். நெற்றியில் ஒட்டிய மண்ணோடுதான் தோட்டத்துக்குப் போனேன்.

தம்பி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைவிட நாலு வயது சின்னவன், அப்பாவின் கடைசிக் காலத்து முகத்தோடு இருந்தான். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான், ஆனால் நான் நிற்கிற பக்கத்துக்கு இல்லை.

“யாருங்க?” என்றான்.

வாசற்படிக்கு வெளியேதான் நின்றேன்.

“யாருங்க அது? உள்ள வாங்க.”

என் தம்பி என்னை மரியாதை கொடுத்து உள்ளே அழைத்தான். வேற்று ஆளை அழைப்பது மாதிரி. அதை என்னால் தாங்க முடியவில்லை, படியை மிதித்து உள்ளே போனேன். அவன் மூக்கைச் சுருக்கினான். காயில் கட்டுகிறவன் உடம்பிலிருந்து வார்னிஷ் வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

“வார்னிஷ் வாடை வருது” என்றான் மெதுவாக. “அண்ணனா?”

“ஆமாண்டா.”

அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுதேன் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அழுதேன். அவன் அழவில்லை. கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கு முடிஞ்சிரும்னு மதினி சொல்லுச்சு” என்றான். “முடிஞ்சிருச்சாண்ணே?”

“முடிஞ்சிருச்சு.”

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் பிடி தளர்ந்தது.

“வாரா வாரம் மதினி வந்து சொல்லும். இந்த வாரம் சக்கரம் மாட்டியாச்சு, இந்த வாரம் டேங்க் ஒழுகுது, இந்த வாரம் ஒங்கண்ணன் கோட்ட அழிச்சிட்டாருன்னு. கார்ப்பரேட்டர்னா என்னன்னு எனக்கே பாடம் நடத்துச்சு. படுத்துக்கிட்டே நானும் ஒன்னோட சேந்து வேல பாப்பேன். எப்படா ஞாயித்துக்கெழம வரும்னு இருக்கும்.” கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். “முடிச்சுட்டியே. இனிமே நான் என்னத்தக் கேக்குறது?”

எட்டு மாதம் அவன் வருவதற்கு வழி செய்கிறேன் என்று நான் நினைத்திருந்தேன். அவனுக்கு அந்த வண்டி எங்கேயும் வருவதற்கு இல்லை. உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதையும் நான் கோடு போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து முடித்துவிட்டு வந்து நிற்கிறேன்.

“முடிஞ்சுச்சுன்னா... ஓடுது” என்றேன். “ஆனா ஆயில் ஒழுகுறாப்ல இருக்குடா. மறுபடி இன்ஜின இறக்கித்தான் பாக்கணும்.”

“அப்படியா? எத்தன நாளாகும்?”

“ஆகும். ஒரு மாசம் ஆகும்.”

“சீலு போயிருக்கும்ணே” என்றான். குரலில் தெம்பு வந்துவிட்டது. “அப்பா இருக்கும்போதும் அந்த எடத்துலதான ஒழுகும்.”

வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை இறக்கினேன். ஒழுகவில்லை, சீல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண் தெரியாத தம்பி முகத்தைப் பார்த்து, செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அதனால் உண்மையாகவே பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை போய், இன்ஜினை இறக்கிவிட்டேன், மூட்டுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட் அட்டையை வெட்ட வேண்டும் என்றேன். அடுத்த வாரம் கேஸ்கெட் வெட்டினேன். போகப் போக ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கவில்லை, வாரத்தில் மூன்று நாள் போனேன். அவன் வீட்டில் கை நனைத்தேன், அவன் மனைவி வைத்த மீன் குழம்பில் நான்காம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவன் யோசனை சொல்வான், நான் மறுப்பேன், சண்டை போடுவோம். டேங்கை இறக்கச் சொன்னான், இறக்கினேன். அழகுக்காக எட்டு மாதம் உயிரை விட்டுச் செய்த வண்டி என் கையாலேயே ஒவ்வொரு மறையாகக் கழன்றது. தெருவில் பார்த்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். என் மனைவி மட்டும் கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போட்டு மூடி வைப்பாள்.

கார்த்திகையில் அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். மார்கழியில் உடம்பு முழுதும் நீர் கோத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அவனால் சாய்ந்து உட்கார முடியவில்லை. படுத்திருந்தான். மூச்சு இரைத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், “இப்ப என்ன நடக்குது?” என்றான்.

“பின்சக்கரம். கம்பி கட்டிக்கிட்டு இருக்கேன்.”

“அதத்தான் ஆடியிலயே கட்டியாச்சுன்னு மதினி சொல்லுச்சே.”

“கோணிக்கிச்சுடா. அவுத்துட்டேன்.”

அவன் உதடு லேசாக விரிந்தது. எல்லாம் தெரிந்துதான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கையைத் தேடினான், கொடுத்தேன். உள்ளங்கையைப் பெருவிரலால் தடவினான்.

“அவசரம் ஒண்ணும் இல்லண்ணே” என்றான். “மெதுவாச் செய்யி.”

புதன்கிழமை விடிந்தபோது அவன் இல்லை. சக்கரத்தில் பாதிக் கம்பிதான் கட்டியிருந்தேன்.